அம்மா சாப்பிடாத டுரியான்

காஜா பேராங், மலாக்கா
6.7.1957

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பூங்காவனம் எழுதுவது.

நானும் அப்பாவும் நலம். ஜெயா சித்திக்குப் பெண் குழந்தை பிறந்ததாகத் தந்தி வந்ததும், அப்பா அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். நீங்கள் சிங்கப்பூர் போனதிலிருந்து சமையல் என் கையில். சோறு குழைந்தால் கஞ்சி நல்லது என்கிறார், வேகாவிட்டால் பல்லுக்கு நல்லது என்கிறார்.

பள்ளியில் எல்லோருக்கும் மெர்டேக்கா, சுதந்திரம் என்ற பேச்சுத்தான். போன சனிக்கிழமை சொற்போர் நடந்தது. சாமிக்குப் பயப்படாமல் மனிதன் நல்லவனாக இருக்க முடியுமா என்பது தலைப்பு. முடியும் என்று நான் பேசினேன். எதைச் செய்யும் முன்னும் இரண்டு கேள்வி கேட்டால் போதும் என்றேன். இதில் சந்தோஷம் இருக்கிறதா? இதனால் யாருக்காவது வலிக்குமா?

எதிர்த்துப் பேசிய சீதா விடவில்லை. "திருடினா எனக்குச் சந்தோஷம். திருடலாமா?" என்றாள். பறிகொடுத்தவனுக்கு வலிக்குமே என்றேன். "அவனுக்குத் தெரியவே தெரியாட்டி?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

அம்மா, கோபிக்காமல் படியுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, பிள்ளை பிழைத்தால் டுரியானைத் தொடமாட்டேன் என்று நீங்கள் வேண்டிக்கொண்டதாக எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு பிடித்த பழம்! அந்த இரண்டு கேள்விகளையும் இந்த விரதத்துக்குப் போட்டுப் பார்த்தேன். யாருக்கும் சந்தோஷம் இல்லை, வலி மட்டும் உங்களுக்கு. பருவம் வரும்போதெல்லாம் என்னால்தானே என்று இருக்கிறது. விட்டுவிடுங்களேன்.

பொன்னுதுரை மாமா சிங்கப்பூர் வருகிறார். கம்போங் செட்டி கண்ணம்மா அக்கா கிளறிய டோடோல் இனிப்பு ஒரு டின் கொடுத்தனுப்புகிறேன். வெல்லமும் தேங்காய்ப் பாலும்தான். முதல் துண்டை நீங்களே சாப்பிட வேண்டும்.

உங்கள் அன்பு மகள்,
பூங்காவனம்

---

சிங்கப்பூர்
14.7.1957

அன்பு மகள் பூங்காவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே தாயும் குழந்தையும் சுகம். குழந்தைக்கு உன் மூக்கு, பாவம்.

டின் வந்தது. மூடியைத் திறந்ததுமே வாசத்தில் தெரிந்துவிட்டது. வெல்லமும் தேங்காய்ப் பாலும்தான் என்று எழுதினாயே, டுரியானை எங்கே விட்டாய்? சித்தி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு டுரியான் ஆகாது, சூடு. கிளறிக் கொடுத்த கண்ணம்மாவைக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். எனக்கு மூக்கடைப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டின்னைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் உன்னை வாழ்த்துகிறார்.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் தெரியாமல் தின்றிருந்தால் நீ என்னிடம் சொல்லியிருப்பாயா? அதை நினைத்துத்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை.

வேண்டுதல் என்று ஊரார் சொல்கிறார்கள். நான் முன்னால் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நீ அனலாகக் கிடந்தபோது எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் நீயாகக் கண் திறந்து தண்ணீர் கேட்டாய். குடித்தாய். அப்போதுதான் எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. யாருக்கு என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கென்று ஆசையாக இருந்தது டுரியான் ஒன்றுதான். அதைக் கொடுத்தேன். இப்போதும் எங்கேயாவது அந்த வாசம் வந்தால், நீ தண்ணீர் கேட்டது காதில் கேட்கும். இதில் சந்தோஷம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

எனக்கு வலிப்பது வேறு. நீயும் அப்பாவும் தெங்கேரா ரோட்டில் நின்று தின்பீர்கள். வாசம் போகப் பழத்தின் தோட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவுவீர்கள், வாய் கொப்பளிப்பீர்கள், ஒன்றும் அறியாதவர்கள் போல வீட்டுக்கு வருவீர்கள். உன் சடையில் ஒட்டிய வாசம் சொல்லிவிடும். நானும் கேட்கமாட்டேன். தின்பதைத்தானே விட்டேன், பிளந்து கொடுப்பதை விட்டேனா? பத்து பெரெண்டாம் ஊரில் என் பிறந்த வீட்டில் என்னைப் போல டுரியான் பிளக்க ஆள் கிடையாது. நீ தின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பூங்கா.

அன்புடன்,
அம்மா

---

காஜா பேராங், மலாக்கா
20.7.1957

என் அன்பான அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. அப்பா அதையும் நல்லது என்று சொல்ல வாயெடுத்தார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "நாம தின்னது அவளுக்கு அப்பவே தெரியுமா?" என்றார். பிறகு, "எல்லாம் உன் சடையால வந்தது" என்றார்.

பொய் எழுதியது தப்பு, அம்மா. நீங்கள் தின்றிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். தெரியாவிட்டால் வலிக்காது என்று சீதா கேட்டதையே நான் செய்திருக்கிறேன். கண்ணம்மா அக்காவிடமும் போய்ச் சொன்னேன். "அலாமா!" என்று தலையில் கை வைத்தார். சித்திக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மறுபடி மறுபடி கேட்டார்.

சீதாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ நீ தோத்துட்டியா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். கேள்விகள் இரண்டும் சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் உங்களுக்கு வலிக்கிறதா என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை.

தண்ணீர் கேட்டது எனக்கு நினைவில்லை. நீங்கள் கொடுத்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத்தான் வந்திருக்கிறது, அம்மா. இத்தனை நாளும் அதை என்னால் வந்த நஷ்டம் என்று நினைத்திருந்தேன். இனி அப்படி நினைக்கமாட்டேன்.

நீங்கள் வரும்வரை நாங்களும் டுரியானைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அப்பா ஒத்துக்கொண்டார், கொஞ்சம் கஷ்டப்பட்டு.

உங்கள் நன்றியுள்ள மகள்,
பூங்காவனம்

---

சிங்கப்பூர்
2.8.1957

பூங்காவுக்கு,

இப்போது வீட்டில் இன்னும் இரண்டு பேர் விரதமா? நன்றாக இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கிழங்கு வெட்டும் பாராங் கத்தி அடுப்புக்குப் பின்னால் கிடக்கும். அப்பாவைத் தீட்டி வைக்கச் சொல். பழம் நான்கைந்தாக வாங்குங்கள், சீதாவையும் கூப்பிடு. நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

தின்ற பிறகு யாரும் தோட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். வாசம் வீட்டில் இருக்கட்டும்.

அம்மா