பத்தாவது சீட்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் வேண்டும், தொடங்கிவிட்டேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, எனக்குத்தான் ஏறியிருக்கிறது, ஆனால் என்னுடையது மாத்திரைக்கு இறங்குகிற வகை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் வீட்டுக் குளியலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தார்களா என்பதை எல்லாம் மறக்காமல் எழுது. உன் கடிதத்தின் கடைசி வரியில், போனதெல்லாம் போகட்டும் அம்மா, பெருந்தன்மையாக விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். நான்கு தடவை படித்தேன். நல்ல வரிதான், எட்டாம் வகுப்புக் கட்டுரையில் எழுதியிருந்தால் வாத்தியார் முழு மதிப்பெண் போட்டிருப்பார். எனக்கு அது ஆகவில்லை கண்ணு. நான் யாரையும் விடவில்லை, விட்டுவிட்டேன் என்று பொய் எழுதவும் மாட்டேன். போனில் பாதி பாதியாகச் சொன்னதை இப்போது முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, எனக்கே அது போன வாரம்தான் தெரிந்தது.

நம் நாட்டுக்கும் நீ இருக்கிற நாட்டுக்கும் நடுக்கடலில் கிடக்கிற அந்தப் பாறைக்காகச் சண்டை வந்ததே, அதற்கு முதல் நாள் வரை நம் தெருவில் ஒருவருக்கும் அப்படி ஒரு பாறை இருப்பதே தெரியாது. பறவை எச்சத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று அப்பா ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரே வாரத்தில் என்னவோ எல்லோரும் அந்தப் பாறையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். பத்திரிகையின் முதல் பக்கத்தில் தினமும் ஒரு கட்டம் போடுவார்கள், நூற்றுக்கு எத்தனை பேர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறார்கள் என்று. திங்கள்கிழமை ஐம்பத்தெட்டு, வியாழக்கிழமை எழுபத்தொன்று. அமைச்சர் அந்த எண்ணைக் காட்டி இது மக்களின் குரல் என்பார், அமைச்சரே சொல்லிவிட்டாரே என்று மறுநாள் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள், அந்த நாலு பேரையும் சேர்த்து அவர் இன்னும் உரக்கப் பேசுவார். இதில் முதலில் கத்தியது யார் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அங்கேயும் அப்படித்தான் என்று நீ எழுதியிருந்தாய், அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

நம் தெருச் சங்கத்துச் செயலாளர், அதுதான் மருந்துக்கடைக்காரர், அவருக்கு அந்தக் கட்டம் தலைக்கேறிவிட்டது. நாட்டுக்கு ஒரு கணிப்பு என்றால் தெருவுக்கும் ஒன்று வேண்டாமா. கடை வாசலில் கரும்பலகை வைத்து, பிள்ளைகளோ பெண்களோ அந்த நாட்டில் வேலை பார்க்கிற ஐந்து வீடுகளின் கதவு எண்ணை எழுதினார். இந்த வீடுகள் சங்கத்தில் நீடிக்கலாமா கூடாதா, தெருவில் பெரியவர்கள் எல்லோரும் வாசகசாலைக்கு வந்து ஒருவர் பின் ஒருவராகச் சீட்டில் எழுதிப் போடவேண்டும் என்றார். மருந்து வந்த அட்டைப்பெட்டியில் ஒரு கீறல் போட்டு அதுதான் வாக்குப்பெட்டி. ரகசிய வாக்காம். அவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என்ன ரகசியமோ. மாலையில் எண்ணிச் சொன்னார்கள். கூடாது நூற்றுப் பன்னிரண்டு, நீடிக்கலாம் ஒன்பது.

பதினான்கு வருடமாக வாசகசாலைச் சாவி அப்பாவிடம் இருந்தது உனக்குத் தெரியும். புத்தகங்களுக்கு அட்டை போட்டு, முதுகில் பெயர் எழுதி, அலமாரியில் கரையான் வந்தால் தன் காலிலேயே வந்தது போலத் துடிப்பாரே. அந்தச் சாவியை எல்லோர் முன்னாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மாத்திரை வாங்கப் போனவரிடம் மருந்துக்கடைக்காரர், "ஸ்டாக் இல்ல, உங்க பையன அங்கருந்து அனுப்பச் சொல்லுங்க" என்றாராம். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்களாம். அப்பா இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிற கடைக்கு நடந்து போய் வாங்க ஆரம்பித்தார், ஒரு நாள் வெயிலுக்குப் பயந்து போகவில்லை, மாத்திரை இல்லாத அன்றைக்குத்தான் குளியலறை வாசலில் விழுந்தார். நெற்றியில் மூன்று தையல். உனக்குக் கால் இடறியது என்று சொன்னோம். அது பொய், மன்னித்துக்கொள். அதற்குப் பிறகு அவர் தெருவில் இறங்கவே இல்லை, ஜன்னல் பக்கமாகக்கூட நாற்காலி போடமாட்டார். அன்றைக்கு நான் மனதில் ஒரு முடிச்சுப் போட்டேன். அந்த மருந்துக்கடைக்காரரைச் சந்தி சிரிக்க வைக்காமல் விடுவதில்லை.

ஆனால் அவரைவிட என்னைத் தின்றது வேறொன்று. பட்டியலில் இருந்தது ஐந்து வீடு, வீட்டுக்கு இரண்டு பெரியவர்கள், ஆக நம் பக்கத்து ஆட்களே பத்துப் பேர். விழுந்தது ஒன்பது. வெளியிலிருந்து ஒருவர்கூட நமக்காக எழுதவில்லை என்பது போகட்டும், நம் பத்துப் பேரிலேயே ஒரு ஆள் கூடாது என்று எழுதியிருக்கிறது. எதிரி என்பவன் எதிரில் நிற்கிறான், அவனைப் பார்த்துக்கொள்ளலாம். கூடவே நின்று முதுகில் குத்தியது யார்? ராத்திரி பகலாக யோசித்து, நான்காவது வீட்டுக் கண்டக்டர் வீட்டம்மா என்று முடிவு கட்டினேன். சீட்டுப் போட்டுவிட்டு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் போனாள், மருந்துக்கடைக்காரர் மனைவியோடு நடைப்பயிற்சி போகிறவள், இது போதாதா எனக்கு. அவள் தைக்கக் கொடுத்த பெண்ணின் பள்ளிச் சீருடைத் துணி என்னிடம் வெட்டாமல் இருந்தது, அப்படியே சுருட்டி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பள்ளி திறக்க மூன்று நாள்தான் இருந்தது. எங்கே போய் அலைந்தாளோ தெரியாது, அலையட்டும் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதம் அவள் பக்கம் திரும்பவில்லை.

இதற்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் என் கடைக்கே வந்தார் என்றால் நம்புவாயா. ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே, "அக்கா, அந்த நாட்டுக் கொடி ஒண்ணு தைக்கணும், பெருசா" என்றார். சந்திப்பில் ஊர்வலம், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், எரிக்கவேண்டும். எரிப்பதற்கும் ஒரு கொடி வேண்டும் அல்லவா, அதை யாராவது தைக்கத்தானே வேண்டும், இந்த வட்டாரத்தில் விளையாட்டுப் போட்டிகளுக்கு எல்லா நாட்டுக் கொடியும் தைக்கிறவள் நான் ஒருத்திதான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அளவு குறித்துக்கொண்டேன். கலையரங்கத்துக்கு மேடைத் திரை தைத்துக் கொடுத்ததில் மிச்சத் துணி இருந்தது, அதுவும் அந்தக் கொடியின் அதே கருநீலம். தீப்பிடிக்காத துணி, அரங்கத்துக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். நடுவில் வரும் வெள்ளை வட்டத்தையும் அதே வகை வெள்ளைத் துணியிலேயே வெட்டிவைத்தேன். இவ்வளவு ஒழுங்காக நான் உன் கல்யாணச் சட்டையைக்கூடத் தைத்ததில்லை. மிச்சத்தை நீயே அங்கே தொலைக்காட்சியில் பார்த்தாய். ஒரு தீக்குச்சி, இரண்டு, ஒரு பெட்டி. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், எண்ணெய் எரிந்தது, கொடி ஓரம் கருகியதே தவிரப் பற்றவில்லை, பற்றியது அவருடைய சட்டைக் கைதான். அவர் கையை உதறிக்கொண்டு குதித்த குதியை நாடு முழுக்கப் பார்த்தது. இன்றைக்கும் தெருவில் அவருக்கு ஃபயர் சர்வீஸ் என்றுதான் பெயர். கொப்புளம்கூட வரவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் குறைதான்.

ஆனால் நான் நினைத்ததைவிட அது தூரம் போய்விட்டது. அங்கே உங்கள் அமைச்சர், எங்கள் கொடியை எரிக்க முடியாது என்று மேடையில் சிரித்துப் பேசினார், அதைக் கேட்டு இங்கே கட்டத்தில் எழுபத்தொன்று எண்பத்து நான்கு ஆயிற்று, கப்பல் நின்றது, உன் வேலை அனுமதிப் புதுப்பிப்பையும் மூன்று வாரம் கிடப்பில் போட்டார்கள். தையல் கடையில் உட்கார்ந்து ஒரு கிழவி வெட்டிய துணி இரண்டு அரசாங்கத்தையும் முறைத்துக்கொள்ள வைக்கும் என்று யார் கண்டது. அந்த மூன்று வாரத்துக்காக மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மற்றதற்கு இல்லை. பிறகு என்ன, கப்பல் நின்றதும் மருந்தும் நின்றது. பாதி மாத்திரை உங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது என்று அப்போதுதான் நம் வீரர்களுக்குத் தெரிந்தது. முன்பு மருந்துக்கடைக்காரர் இல்லை என்று சொன்னது பொய், இப்போது நிஜமாகவே அலமாரி காலி. கத்தின அதே வாய்கள் பேசித் தீர்க்கலாமே என்றன, கட்டம் எழுபத்தாறு பேர் நட்பை விரும்புகிறார்கள் என்றது, அமைச்சர் மக்களின் விருப்பத்துக்குத் தலைவணங்கினார். பாறையைப் பறவைகளுக்கே விட்டுவிட்டார்கள்.

போன வாரம் உங்கள் அமைச்சர் இங்கே வந்தாரே, நம் பெரிய சாலை வழியாகத்தான் அழைத்துப் போனார்கள். அதற்கு மருந்துக்கடைக்காரர் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை இரண்டு காலும் உள்ளே, இருநூறு கைக்கொடி வேண்டும், ஆட்டி வரவேற்க. பழைய பலகையில் நட்புறவுக் குழு என்று எழுதியிருக்கிறார், அழித்த கதவு எண்கள் கீழே லேசாகத் தெரிகின்றன. தைக்கிறேன், ஆனால் மூன்று விஷயம் நடக்கவேண்டும் என்றேன். தெரு பார்க்கச் சாவியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்து, தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லவேண்டும். மாதா மாதம் மாத்திரையை அவரே நடந்து வந்து தரவேண்டும். மூன்றாவது, அந்த அட்டைப்பெட்டி, சீட்டுகளோடு. முதல் இரண்டுக்கும் முகம் சுண்டியது, மூன்றாவதற்கு, "அத எடுத்துட்டுப் போங்கக்கா, இனிமே அது எதுக்கு" என்று அசடு வழிந்துகொண்டே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். சாவி கொடுத்த அன்று நூற்றுப் பன்னிரண்டில் பாதிப் பேர் வந்து கைதட்டினார்கள், ஒவ்வொரு கையையும் பார்த்து வைத்திருக்கிறேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். சிரித்தார். அவர் சிரித்து நாளாயிற்று.

அவர் வாசகசாலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரித்தேன். கண்டக்டர் வீட்டம்மாவின் சீட்டை அவள் முகத்தில் வீசவேண்டும், அதற்காகத்தான் வாங்கியது. நீடிக்கலாம் என்ற ஒன்பதையும் தனியாக எடுத்து வைத்தேன். என்னுடையது ஒன்று. அவளுடையது ஒன்று, அந்தக் கோழிக்கிறுக்கலை எனக்குத் தெரியாதா, அளவு எழுதிக் கொடுப்பாளே. அவள் கணவர் கையெழுத்தில் ஒன்று. மற்ற மூன்று வீட்டு ஆறு பேரும் இருந்தார்கள். ஒன்பதும் தீர்ந்துவிட்டது கண்ணு. பிறகு கூடாது சீட்டுகளில் தேடினேன். எழுபதோ எண்பதோ தாண்டியிருக்கும். கூடாது என்று முத்து முத்தாக எழுதி, அடியில் அட்டை விளிம்பை வைத்து நேராக ஒரு கோடு. புத்தக முதுகில் பெயர் எழுதினால் அப்படிக் கோடு போடுகிறவர் இந்தத் தெருவில் ஒருவர்தான். நம் வீட்டு எண்ணும் பட்டியலில் இருந்தது, உன்னால்தான் அந்த எண் பட்டியலில் இருந்தது, அதைத் தெரிந்துகொண்டே எழுதிவிட்டு, கோடும் போட்டிருக்கிறார்.

நேற்று கண்டக்டர் வீட்டம்மாவிடம் போனேன். யார் என்று சொல்லவில்லை, நீ இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "நாலு மாசம் நீங்க பேசல, நான் ஒரு வருஷம் பேசமாட்டேன், அப்புறம் பாக்கலாம்" என்று சாத்திவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

ஒன்பது நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், துணியை மடித்து வைக்கிறேன், வாசகசாலைக் கதையெல்லாம் கேட்டு உம் கொட்டுகிறேன். பயந்துவிட்டார், எல்லோரும் எழுதுவதையே எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தார், அவ்வளவுதான் என்று என் மனதே அவருக்கு வக்கீலாகப் பேசுகிறது. அந்த வக்கீல் வாயை அடைத்துவிட்டேன். மருந்துக்கடைக்காரருக்கு நான் மூன்று நிபந்தனை வைத்தேன், இவருக்கு ஒன்றுதான். நாளைக் காலை மாத்திரை போட்டுக்கொண்ட பிறகுதான் பத்திரிகை படிக்கக் கண்ணாடியை எடுப்பார். மாத்திரை உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கப்போகிறேன்.

நீ நூறாண்டு நன்றாக இரு. உன் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும், மருமகளுக்கும் என் ஆசீர்வாதம், அவளைக் குளிரில் வெறும் காலோடு நடக்க விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவுக்குத் துணிவு வர நாளாகும், இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகுதான் உனக்குப் போன் செய்வார். எடு. அழுதால் அழட்டும், என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். ஏன் அப்பா அப்படி எழுதினீங்க என்று மட்டும் நீ கேட்டுவிடாதே. கேட்டால் உன்னிடம் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அதை அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன்னை எந்தச் சீட்டிலும் விட்டுக்கொடுக்காத
அம்மா