இரண்டு காலும் கேட்க வேண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நுகுஅலோஃபாவில் மழை விட்டதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று நான் எழுதிய இசைக்கு மெல்போர்னில் முதல் ஒத்திகை. வாசித்து முடித்ததும் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. வயலின்காரர்கள் காலைத் தரையில் சரக் சரக்கென்று தேய்த்தார்கள். எழுந்து போகத் துடிக்கிறார்கள் என்று மனசு சுருக்கென்றது. குழுவை நடத்துகிறவர் "பிரமாதம்" என்றார். அவர் ஆறிப்போன காபியையும் பிரமாதம் என்பவர்.

செல்லோ வாசிக்கும் பிரான்வினிடம் கேட்டே விட்டேன்.

"கையில வில்லு இருக்குல்ல, எப்படித் தட்டுறது? காலைத் தேய்ச்சா அதுதான்டி எங்க கைதட்டல்."

"எல்லாருக்குமா தேய்ப்பீங்க?"

"உனக்கு நிறையவே தேய்ச்சோம்" என்றாள், கொஞ்சம் யோசித்துவிட்டு. அந்த யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைய ஒத்திகை முடிவில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பின்வரிசையில் இரண்டு பேர் தேய்க்கவில்லை.

கச்சேரியன்று நம் டோங்கா வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் கட்ட என் பாயை அனுப்பு. அக்கா ஃபானேயிடம் கொடுக்காதே, முதலில் அவள் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போவாள்.

உன் முழங்கால் வலி சரியாகிவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அந்தப் "பிரமாதம்" மாதிரியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போனைத் தரையில் வைத்துவிட்டுக் கதவுவரை நட. டிராம் வந்துவிட்டது, முடிக்கிறேன். எனக்கு இரண்டு காலும் கேட்க வேண்டும்.

உன் மகள்,
மெலெனைட்டே