ஆணியில் மாட்டிய மஞ்சப்பை

சூலக்கரை,
ஞாயிறு, கோயில் முடிந்து வந்து.

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் இந்தப் பேச்சை எடுத்தால் டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இங்கே தீபாவளி ஆர்டர் நெருக்குகிறது, சிவகாசி ரோட்டில் லோடு லாரிகள் விலக இடமில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் தினமும் தாமதம். நீ வேலை முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்கிறாயாமே, அப்பா சொன்னார், ஒரு பிடி சோறு வடித்துக்கொள்ள உனக்கு என்ன கேடு.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பீரோவில் இருக்கும் பூட்டைக் காட்டி, இதைத் தூக்கிப் போடுங்கம்மா, இனி நான் யாரையும் தேடப்போவதில்லை என்றாய். நான் போடவில்லை. உன்னை எங்கள் கையில் தந்த அன்று குழந்தைகள் விடுதி அக்கா உன் கவுனோடு சேர்த்துத் தந்த பூட்டு அது. ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்த நாளில், நாரணாபுரத்து லைன் வீட்டில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நீ அழுதுகொண்டிருந்தாய், அக்கம்பக்கத்தார் நாதாங்கியைப் பெயர்த்து உன்னைத் தூக்கினார்கள், பூட்டு மட்டும் பூட்டியபடியே நாதாங்கியில் தொங்கியது. உன்னைப் பெற்றவள் சீசனுக்கு வந்த புது ஆள், அவள் பெயரோ எந்தக் கம்பெனி வேனில் ஏறினாள் என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, வெடித்த கம்பெனியில் கேட்டதற்குத் தங்கள் ஆட்கள் எல்லோரும் கணக்கில் வந்துவிட்டார்கள் என்றார்களாம். அந்தப் பெயருக்காக நீ எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்த மாதம் முதன்மைச் சான்றுகள் பாடம். புத்தகத்தில் கல்வெட்டும் செப்பேடும் படமாக இருக்கிறது, படத்தை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது, வீட்டிலிருந்து பழைய சாமான் ஒன்று கொண்டு வாருங்கள், யாருடையது என்று சொல்லாதீர்கள், சாமானை வைத்தே வகுப்பு கண்டுபிடிக்கட்டும் என்றேன். தருண்குமார் ஒரு பட்டாசு லேபிள் கொண்டுவந்தான், அதில் இருந்த இரண்டே இலக்கக் குட்டி போன் நம்பரை வைத்தே பிள்ளைகள் அதன் காலத்தைச் சொன்னார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து அனுப்பிரியா ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். கொண்டை ஊசிகள், ஒரு ஜோடி மெல்லிய கொலுசு, சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவி, அவ்வளவுதான். முன்பெஞ்சுப் பிள்ளைகள் பெஞ்சைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பிரீத்திதான் வாயைத் திறந்தாள். "டீச்சர், இது கேட்டு சாமான். வச்சவுகதான் எடுக்கணும்."

பட்டாசு மருந்து அறைக்குள் இரும்பு, வெள்ளி எதுவும் போகக்கூடாது, உரசினால் பொறி வரும் என்று எல்லாவற்றையும் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள் அல்லவா, அதை வைத்த கையே திரும்ப எடுக்க வேண்டுமாம். வேறு கை எடுத்தால் வைத்தவர் வெளியே வர வழி இருக்காதாம். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாமார் இன்றைக்கும் அப்படிப்பட்ட கேட்டுக்குள் போகிறவர்கள், சிரிக்க எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் பாடத்தை விடவில்லை. இவ்வளவு ஊசியா, அப்படியானால் அடர்ந்த முடி என்றார்கள். கொலுசின் அளவுக்குச் சின்ன வயசு என்றார்கள். சாவிக்கு வந்தபோது, வீட்டில் வேறு யாரும் இல்லாததால் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, உள்ளே திறக்கத் தெரியாத யாரையோ வைத்துப் பூட்டியிருக்கிறாள் என்றாள் பிரீத்தி. நான் சாக்பீஸை வைத்துவிட்டு, பை யாரிடம் இருந்தது என்று அனுப்பிரியாவைக் கேட்டேன், அப்பா வைத்திருப்பது என்றாள்.

பாடம் முடிந்து வெளியே வந்தால், பிள்ளைகளின் செருப்புக்கு நடுவே பெரியவள் ஒருத்தியின் ரப்பர் செருப்பு, வாசலைப் பார்த்தபடி. அறுந்த வாரை ஊக்குப் போடாமல் நூலால் இறுக்கியிருந்தது, மேலே பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி, கையில் வெள்ளியாக ஒட்டுமே, அது. ஆயாவிலிருந்து ஹெட்மாஸ்டர் வரை கேட்டுவிட்டேன், யாருடையதும் இல்லை. உன் அம்மா பேய்க்குப் பயப்படுகிறவள் இல்லை. ஒரு சாட்சி போதாது, இரண்டாவது சாட்சி எங்கே என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். அதனால் நேரே அனுப்பிரியாவின் அப்பா முனியராஜைப் பார்க்கப் போனேன்.

வெடித்த அந்தக் கம்பெனியில் அவர்தான் கேட்டுக் காவல். மகள் பையை எடுத்துப்போனது தெரிந்ததிலிருந்து மனிதர் சாப்பிடவில்லையாம். அன்றைக்கு எல்லோரும் வந்து சாமானை எடுத்துக்கொண்டார்கள், எடுக்க முடியாதவர்களைப் போலீஸ் எழுதிக்கொண்டது, இந்தப் பையை மட்டும் இவர் போலீஸுக்குக் காட்டாமல் மறைத்துவிட்டார். கொடுத்தால் அவள் வரமுடியாமல் போய்விடுமாம், பெயரைச் சொன்னால் செத்தவர்களோடு எழுதிவிடுவார்களாம். கம்பெனியை மூடியபோது பையை ஆணியோடு பிடுங்கி வந்து தன் வீட்டுச் சுவரில் அடித்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுதமாட்டேன். நீ ஊர் ஊராக அலைந்ததெல்லாம் அந்த மனிதரின் சுவருக்கு இந்தப் பக்கம்தானே. அவர் தலையை நிமிர்த்தாமல், "அவுக கையில குடுக்கணும்னு வச்சிருந்தேன் டீச்சர். இல்லன்னா அவுக பெத்த புள்ள கையில," என்றார். பெயரையும் சொன்னார். பொன்னுத்தங்கம். ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து அந்த சீசனுக்கு வந்த புதுப் பெண். உன் அம்மா பெயர் பொன்னுத்தங்கம், ஜெமி.

பையை நான் கொண்டுவந்தேன், உள்ளே கைவிடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தந்தார். பஸ்ஸில் கண்டக்டர் பெண்களுக்குக் கொடுக்கும் இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்து நீட்டினார். ஒன்றுதானே என்றேன். கூட வந்தவுகளுக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை, கூட்டத்திலும் அதில் ஒருவரும் உட்காரவில்லை. வீட்டில் முன்னறை ஆணியில் பையை மாட்டினேன், அப்பா பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவியைப் போட்டுப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்றார். சான்று சான்று என்று பிள்ளைகளைப் படுத்துகிற நான், அந்தச் சாவியைத் தொடவில்லை. அது என் கை எடுக்க வேண்டியது இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தபோது பூட்டு திறந்து கிடந்தது. அதில் மாட்டியிருந்த பழைய நாதாங்கி தனியே இருந்தது. பையின் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது, சாவி உள்ளேதான், வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன். பூட்டின்மேல் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளிப்பொடி. அப்பா வேதத்தின்மேல் கைவைத்து நான் இல்லை என்கிறார். முதலில் பயந்தேன், பிறகு எனக்குப் பொறாமையாக இருந்தது, உன்னைத் தேடி இத்தனை வருஷம் கழித்து ஒருத்தி வந்துவிட்டாளே என்று. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். உன்னை உள்ளே வைத்துப் பூட்டிய பூட்டு அது, திறக்காமல் அவளால் எப்படிப் போகமுடியும்.

லீவு கிடைக்காது என்று சொல்லாதே, கேட்டு வாங்கு. வந்து உன் கையால் அந்தப் பையை எடு, நாங்கள் யாரும் எடுக்கமாட்டோம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சோறு வடித்துச் சாப்பிடு, காதுக்குக் கம்பளி கட்டிக்கொள். முக்கியமாக ஒன்று, வீட்டுக்குள் வரும்போது செருப்பை ஓரமாகக் கழற்று. வாசலில் நூல் கட்டிய ஒரு ஜோடி கிடக்கும், அதை நகர்த்திவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மாக்களில் ஒருத்தி,
ஜெயசீலி தேவாசீர்வாதம்.