மிச்சம் வைத்த ஒரு படம்

ஒலக்கூர்,
காணும் பொங்கல், 1962.

அத்தானுக்கு,

கோபம் வரும். வரட்டும். கேமராவில் நீங்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன கடைசிப் படத்தை இன்று காலை நான் எடுத்துவிட்டேன்.

"அது அப்பாவுக்கு, தொடாதே" என்று சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு ரயிலேறினீர்கள். எதற்கென்று எனக்குத் தெரியாதா? அத்தை செத்த பிறகு நாற்காலியில் சாய்த்துக் கட்டி எடுத்தீர்களே, அவர்களுக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான். சுவரில் அதைப் பார்த்தாலே நம் பெண் அலறுகிறாள்.

டாக்டர் கைவிரித்திருக்கலாம். மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

பனி விலகியதும் அவரைக் கட்டிலோடு வெயிலுக்குத் தூக்கி வந்தோம். பக்கத்து வீட்டு வீரம்மாள் நம் அடுப்பில் மல்லாட்டைக் கடலை வறுத்தாள். படம் எதற்காக மிச்சமிருக்கிறது என்று மாமாவிடமே சொல்லிவிட்டேன்.

"எனக்குன்னு வச்சதா? அப்போ நான் சிரிச்சிக்கினு இருக்கும்போதே எடும்மா, ஜல்தி!" என்றார்.

பல்லில்லாத வாய், கழுத்துவரை போர்வை, மடியில் பேத்தி. எடுத்தேன்.

அவர் போகிற நாளில் போட்டோக்காரரை அழைத்து வராதீர்கள். உட்காரவைக்க அந்த நாற்காலியும் இல்லை. மல்லாட்டை வறுத்த அடுப்பில் எரிந்தது அதுதான்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
வீட்டுக்காரி