மிஞ்சிய தீர்த்தம்

மர்பி டவுன், பெங்களூரு
ஞாயிறு

அன்புள்ள ஜாய்சன் அண்ணாவுக்கு,

கேரல் எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருப்பாய். இங்கே அம்மா நடமாடுகிறாள். போனில் பேசினால் அவள் காதில் விழும். இருப்பதே இரண்டு அறை. அதனால் மெயில்.

மெல்போர்ன் போகும்போது நீ ஜன்னலில் விட்டுப்போன சக்யுலன்ட் செடி செத்துக்கொண்டிருந்தது. அடி இலைகள் கண்ணாடிபோல ஊறி, தொட்டால் கழன்று விழுந்தன. வெயில் போதவில்லை என்று நினைத்துத் தொட்டியை நகர்த்திப் பார்த்தேன். கிளறினால் மண் சேறு.

காரணம் அம்மா. மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தினமும் அப்பாவின் உதட்டை நனைக்கிறாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவருக்கு விழுங்க வருவதில்லை. ஒரு மடக்கு போனாலும் நுரையீரலில் இறங்கிவிடும். தம்ளர் அப்படியே மிஞ்சும். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, மண்ணில்தான் விட வேண்டும். நம் வீட்டில் மண் இருப்பது அந்தத் தொட்டியில் மட்டும்.

அதனால்தான் அழுகுகிறது என்று சொன்னேன். "தீர்த்தம் ஊத்தி எந்தச் செடிடி செத்துச்சு? படிச்ச திமிரு உனக்கு" என்றாள். எதிர்வீட்டு மௌரீன் ஆன்ட்டி, "ஞானஸ்நானம் ஓவராப் போச்சு போல" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

நேற்று பிடுங்கினேன். வேர் கறுத்து நாறியது. தண்டில் பச்சை தெரியும்வரை அழுகலை வெட்டிக்கொண்டே போனேன். மிஞ்சியது ஒரு சின்னத் தலை. வெட்டிய இடம் காயும்வரை மண் கூடாது, தண்ணீர் கூடாது. பழைய பேப்பர்மேல் நிழலில் வைத்திருக்கிறேன். அம்மா என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறாள். பிழைக்குமா, தெரியாது.

அப்பா விஷயம். மூக்கு வழியே குழாய் போட்டார்கள், பிடுங்கி எறிந்தார். மூளையில் மறுபடி ரத்தக்கசிவு. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர். நாள் நீளும், பழைய ஆளாகத் திரும்ப மாட்டார் என்பதையும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். நான் அப்பாவிடம் கேட்டேன். இடது கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினார். மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்டினார்.

அம்மா அப்போது கோயிலில் இருந்தாள். நம்பவில்லை. "அப்பன் பட்டினியாச் சாவட்டும்னு சொல்றியா? ஜாய்சன் சொல்லட்டும், மூத்தவன் அவன்" என்கிறாள்.

என்ன செலவானாலும் செய்யுங்கள் என்று உனக்குச் சொல்லத் தோன்றும். அந்தக் கையை நீ பார்க்கவில்லை.

அண்ணா, அம்மாவிடம் நீ சொல். போதும் என்று. அழுவாள். உன்னையும் திட்டுவாள். போனை வைத்துவிடாதே, முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு. அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சொல்லை ஆண்டவர் உன் வாயில் வைக்கட்டும். போனில் சொல்ல வராவிட்டால், வந்து சொல்.

உன் தங்கை,
கேரல்