பத்தடி தள்ளி நின்றவன்

அண்ணே, போன ஞாயிற்றுக்கிழமை வடக்குத்து ஊரில் கண் பரிசோதனை முகாம் போட்டிருந்தார்கள். சுவரில் எழுத்து அட்டை. எனக்கு எழுத்து தெரியாது என்றதும் அந்தப் பெண் படம் போட்ட அட்டையைத் தேடினாள். அதற்குள் என் வாய் எட்டு வரி எழுத்துகளை மடமடவென்று ஒப்பித்துவிட்டது. 'அது இந்த அட்டையில இல்லியே தாத்தா' என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து மருமகளை உட்காரவைத்து இதைச் சொல்லி எழுதச் சொல்கிறேன்.

அந்த எட்டு வரியும் உங்களுக்காக மனப்பாடம் செய்தது. நெய்வேலியில் சுரங்கத்து மேல்மண்ணை அள்ளி வெளியே கொட்டிய காலம். கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த இருபது குடும்பமும் உங்கள் ஜெபக் கொட்டகைதான் கதி என்று கிடந்தோம். உங்கள் பார்வை மங்கிப்போனது எனக்கும் நம்மோடு மண் சுமந்த தேவசகாயத்துக்கும் மட்டும் தெரியும். சனிக்கிழமை அவன் வேதாகமத்தில் ஒரு பகுதியை ஒருதரம் வாசிப்பான். எனக்கு ஒருதரம் போதும். மறுநாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நான் அடியெடுத்துக் கொடுக்க, நீங்கள் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்குவீர்கள்.

மோசே கதைதான் உங்களுக்குப் பிடித்தது. அவர் கையை உயர்த்தி நின்றால் யுத்தத்தில் ஜெயம், கை தாழ்ந்தால் தோல்வி. கை சோர்ந்தபோது ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் தாங்கினார்கள். 'தாங்கினவனுக்கும் அந்த ஜெயத்துல பங்கு உண்டு' என்பீர்கள்.

மண் கொட்டுமிடத்துக்கு மேஸ்திரி தேவைப்பட்டார். நீங்கள் மேஸ்திரியானால் இருபது வீட்டுக்கும் வேலை நிலைக்கும். ஆனால் கண் பரிசோதனை உண்டு. தேவசகாயம் முதல் ஆளாக உள்ளே போய் அட்டையைப் பார்த்துவந்து என்னிடம் சொன்னான். வரிசை நகர்வதற்குள் அதை உங்கள் காதில் ஏற்றினேன். தேறினீர்கள்.

நீங்கள் கையை உயர்த்தினால் லாரி பின்னுக்கு வரும், இறக்கினால் நிற்கும். லாரிக்குப் பின்னால் யாராவது இருந்தால் பக்கத்தில் நிற்கும் நான் 'ஆளு' என்பேன். ஒரு வருடம் பிசகே இல்லை.

அப்புறம் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு போதகர் வந்து உங்கள் ஞாபகசக்தியை மெச்சினார். பின்னால் நின்ற என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

'அவனா? பாய் விரிக்கிறவன்ங்க. தற்குறி.'

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் பத்தடி தள்ளி நின்றேன். மண்கூடை ஒன்று சக்கரத்தில் நசுங்கும், டிரைவர் உங்களைத் திட்டுவான், நீங்கள் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீர்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு. தேவசகாயம் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தான். பார்த்தேன். சொல்ல நேரமும் இருந்தது. அவனே விலகிவிடுவான் என்று நினைத்தேன். நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

சாயங்காலம் அவன் பிணத்தருகில் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தீர்கள்.

'நீ எங்கடா இருந்த? ஒன் கொரலே கேக்கலியேடா.'

'பக்கத்துலதாண்ணே நின்னுகினு இருந்தேன். ஆளு ஆளுன்னு கத்துனேன். ஒங்க காதுலதான் வுழல.'

பார்வை மங்கியபோதுகூட நீங்கள் அப்படி ஒடுங்கவில்லை. பிடித்த கை தானாக விட்டது. தேவசகாயத்தின் பெண்சாதி காலில் விழுந்து, 'என் காது செத்துப்போச்சும்மா' என்று அழுதீர்கள். அவள் நம்பினாள், உங்களை மன்னித்தாள். கைத்தாங்கலாக உங்களை எழுப்பியவன் நான்தான்.

மேஸ்திரி வேலையை விட்டீர்கள். பிரசங்கமும் போயிற்று, என் குரல் காதில் விழுந்தாலும் சரியாகக் கேட்டோமா என்று தடுமாறினீர்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு வேலை தேடிப் போயின. சாகிறவரை யார் என்ன சொன்னாலும் இரண்டுதரம் கேட்டீர்கள். ஒவ்வொரு தரமும் நான் சத்தம் போட்டுத் திருப்பிச் சொன்னேன், செவிடருக்குச் சொல்வதுபோல.

உங்கள் காதில் ஒரு கோளாறும் இருந்ததில்லை, அண்ணே.