பழைய பெயரில் ஒரு படுக்கை

அன்பு மகள் மே சூவுக்கு,

மோல்மீனிலிருந்து அம்மா எழுதுகிறேன். பினாங்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு படுக்காமல், சுகமாக இருக்கிறாய் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கேயும் சுகம் என்று அடுத்த வரியை எழுதப் பேனா மறுக்கிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய், நான் போனை எடுத்தாலே உன் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், ஸ்பீக்கரில் போடு, குடும்பத்துக்குள்ளே என்ன ரகசியம் என்கிறாள். அதனால்தான் வீடு தூங்கின பிறகு எழுதி, பினாங்குக்குத் திரும்பும் உன் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்காதே, பாதியில் விட்டுவிட்டு அப்பாவுக்கு போன் போட்டுவிடாதே.

அப்பாவுக்கு இடது கன்னத்தின் உள்ளே, வெற்றிலையை அடக்கிக்கொள்வாரே அதே இடத்தில், ஒரு புண். பல் குத்தியது என்றுதான் முதலில் சொன்னார், மழை தொடங்குவதற்கு முன்பே வந்தது, மழை பாதி கொட்டித் தீர்ந்த பிறகும் ஆறவில்லை. நான் இழுத்த இழுப்புக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார், டாக்டர் சான் யூ பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். புண்ணின் ஓரத்தில், கெட்ட சதையும் நல்ல சதையும் சேருகிற இடத்தில், சின்னதாக ஒரு துண்டு வெட்டி எடுத்தார், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிய ஒரு முனையில் நூல் போட்டார். பிறகு என் வேலை. நீ சின்னப் பெண்ணாக என் மேசைக்கடியில் உட்கார்ந்து பார்த்த அதே வேலைதான், துண்டை ஃபார்மலின் பாட்டிலில் போடுவது, தாள் எழுதுவது, ரங்கூன் லேபுக்கு பஸ்ஸில் அனுப்புவது, முடிவு வந்ததும், நோய்க்கு நோய் ஒரு எண் உண்டே, அந்தக் கோடு எண்ணைப் போட்டுப் பதிவு செய்வது. கெமிஸ்ட்ரி படித்தவளாயிற்றே என்று கொடுத்த வேலை. எத்தனையோ பேருடைய வாயை அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நொய்யரிசி அளவு சதை பாட்டிலில் மிதந்தது, அது உன் அப்பா. மூடியில் எழுதினால் லேபில் மூடி மாறிப்போகும் என்று பாட்டிலின் உடம்பில் பெயரை ஒட்டினேன், சோ மியின், தகப்பன் பெயர் ஊ பா தின். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது, ஊரில் இருக்கிற நூறு சோ மியினில் இவரைப் பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயர்தானே. முடிவு வருகிறவரைக்கும் கோடு கட்டத்தில் வாய்ப்புண் என்பதற்கு மேல் எதுவும் போடக்கூடாது, சந்தேகத்துக்காக ஒருத்தர் தலையில் புற்றை எழுதக்கூடாது, அதுதான் முறை, அப்படியே செய்தேன்.

பாட்டில் ரங்கூனில் இருக்கும்போதே அத்தை அப்பாவை ஜோசியரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறந்த கிழமைக்கும் பெயரின் எழுத்துக்கும் ஒத்துப்போகவில்லை, பெயர்தான் ஆளைத் தின்கிறது, மாற்று என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். மாற்றிவிட்டார்கள், பேப்பரில் விளம்பரம், அடையாள அட்டை, எல்லாம். இப்போது உன் அப்பா பெயர் ஜெயா லின். போனில் உன்னிடம் ராசிக்காகச் சின்னதாக ஒரு மாற்றம் என்று சொன்னது இதைத்தான். பழைய பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் அது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். இருபது வருஷமாக கோ சோ, கோ சோ என்று கூப்பிட்ட வாய் எனக்கு, ஒருநாள் சோறு போடும்போது தவறி வந்துவிட்டது, அத்தை என் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். இப்போதெல்லாம் இங்கே பாருங்க, கேட்டீங்களா என்று சுவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுகிறேன்.

பெயர் மாற்றிய அந்த வாரமே முடிவு வந்தது. புற்று. என் கையாலேயே உறையைப் பிரித்தேன், கன்னத்தின் உட்பக்கத்துப் புற்றுக்கு உரிய கோடு எண்ணை என் விரலாலேயே தட்டினேன், பக்கத்து மேசைக்காரி கோடு சரியா என்று கேட்டாள், சரி என்றேன். டாக்டர் சான் யூ ரங்கூனில் கெஞ்சிப் பேசி ஒரு படுக்கையும் ஆபரேஷனுக்கு ஒரு நாளும் வாங்கிக் கொடுத்தார். நோயாளியிடம் நேராகச் சொல்லாமல் வீட்டுப் பெரியவரிடம் சொல்வதுதானே நம் வழக்கம், அத்தையிடம் சொன்னேன். அவள் தாளை வாங்கிப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் மே சூ. "இது செத்த பேருடி, இங்க யாரு இருக்கா அந்தப் பேருல?" என்றாள். அப்பா உள்ளேயிருந்து வந்தார், அவரும் பார்த்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "சோ மியினுக்கா? ஐயோ பாவம், நல்ல மனுஷன்." டீக்கடையிலும் இதையே சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார், கூட்டாளிகளும் "சோ மியின் போயிட்டானாமே, சாப்பாடு எப்போடா போடுவே?" என்று கேட்டார்களாம். இப்போது அதே கூட்டாளிகள் அவர் போய் உட்கார்ந்தால் முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள், வாயிலிருந்து வருகிற வாடை அப்படி.

அதோடு விட்டார்களா. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் புதுப் பெயரில் கூட்டிப்போய் இன்னொரு துண்டு எடுக்க வைத்தாள் அத்தை. அவர்கள் புண்ணின் நடுவில் மேலாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், அங்கே இருப்பது செத்த தோல், அதில் எதுவும் தெரியாது. முன்பு சோதனை செய்தது உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுத வைத்திருக்கிறாள். அதே ரங்கூன் லேபுக்குத்தான் போனது, அவர்களுக்கு இவர் யாரோ புது ஆள். அழற்சி, பூஞ்சை, அனுப்பிய துண்டில் புற்று இல்லை என்று பதில் வந்தது, சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து மறுபடி எடுத்து அனுப்பவும் என்று கீழே ஒரு வரியும் இருந்தது, அந்த வரியை இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை. பிக்குகளுக்கு அன்னதானம், தெருவுக்கெல்லாம் மோஹிங்கா, சேமியாவும் மீன் குழம்புமாக. குழம்பு ஊற்றிக்கொண்டே ஒவ்வொருத்தியும் கேட்கும்படி அத்தை சொன்னாள், "இவளுக்கு ஆஸ்பத்திரி கோடுதான் புருஷன். என் தம்பிக்கு நல்லதுன்னா இவ மூஞ்சியப் பாரு, ஏதோ பறிபோன மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள், நான் கிண்ணங்களைக் கழுவினேன். அந்த மோஹிங்காவை அப்பாவால் சாப்பிட முடியவில்லை, வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. காரம் ஜாஸ்தி என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

இப்போது தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்திருக்கிறது. அவர் தூங்கும்போது தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி, அசையவில்லை. டாக்டர் சான் யூ லேபில் பேசிப் பார்த்தார். இரண்டு துண்டும் ஒரே ஆளுடையது என்று அந்த ஆளே பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரே முடிவாகத் தருகிறோம் என்றார்கள். பேப்பர் விளம்பரத்தைக் காட்டினாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் முடியாது. படுக்கை சோ மியின் பெயரில் இருக்கிறது, இவர் போய் நின்றால் அடையாள அட்டை ஜெயா லின் என்கிறது, புற்று இல்லை என்று முடிவு வாங்கிய ஜெயா லின்னின் கன்னத்தை எந்த டாக்டர் வெட்டுவார். வருகிற தடிஞ்சுட் விளக்குப் பௌர்ணமிக்குள் ஆள் வராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும், வரிசை நீளம் என்று சொல்லிவிட்டார்கள்.

காலில் விழுந்தேன் மே சூ. ஒரு கையெழுத்துங்க, பழைய பெயர் ஒரே ஒரு தரம், எழுதிவிட்டு மறந்துவிடுங்க என்றேன். அவர் என்னைத் தூக்கிவிடவில்லை. "நீ சோ மியினுக்கு வாக்கப்பட்டவ, கல்யாணப் பத்திரத்துலயும் அந்தப் பேருதான் இருக்கு. அவன் போயிட்டான். இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வாயைத் திறக்க முடியாததால் பல்லுக்கிடையில் மெல்லக் கேட்டார், அத்தை பக்கத்தில் நின்று தலையாட்டினாள். பயத்தில் பேசுகிறார் என்று எனக்குத் தெரிகிறது, தெரிந்து என்ன செய்ய.

நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீ ஒருத்திதான் மிச்சம். அத்தை உனக்கு அனுப்பியிருக்கிற பார்சலில் கருவாட்டுக்கு அடியில் ஒரு தாள் இருக்கும், உன் அடையாள அட்டையில் தகப்பன் பெயரை ஜெயா லின் என்று மாற்றச் சம்மதம் கேட்டு. கையெழுத்துப் போடாதே. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு போன் போடு, அத்தை ஸ்பீக்கரில் போடட்டும், நல்லதுதான், அவளும் கேட்கட்டும். இப்படிச் சொல்: "அப்பா, என் அட்டையில எங்கப்பா பேரு சோ மியின். அந்த மனுஷனுக்குத்தான் நான் மக. ஜெயா லின் யாருன்னு எனக்குத் தெரியாது. அவர் செத்தா நான் வரமாட்டேன், தெரியாத ஆள் சாவுக்கு யாராவது கடல் தாண்டி வருவாங்களா?" அவர் அழுவார். அழட்டும். சும்மா சொன்னேன் அப்பா என்று சொல்லிவிடாதே. உனக்கு அழுகை வந்தால் போனை வைத்துவிடு, நீ அழுகிற சத்தம் இங்கே கேட்டால் அவர் தைரியமாகிவிடுவார், மகள் எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொள்வார். திரும்ப அவராகக் கூப்பிடும்வரைக்கும் எடுக்காதே. கூப்பிட்டால் ஒன்றே ஒன்று கேள், யார் பேசுறது என்று. பெயரை அவர் வாயால் சொல்லட்டும். இந்த மாதிரிப் பேசக் கற்றுக்கொடுக்கிறாளே ஒரு தாய் என்று உனக்கு என் மேல் வெறுப்பு வந்தால் வரட்டும், அதை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம், அவர் இருந்தால்.

உனக்கு எல்லா நலமும் சேரட்டும், கெட்ட கண் படாமல், கெட்ட வார்த்தை ஒட்டாமல் புத்தர் காக்கட்டும். கடைவாய்ப்பல் வலி என்றாயே, தள்ளிப்போடாமல் காட்டு. பௌர்ணமிக்கு முன்னால் போன் போடு, பின்னால் போட்டுப் பயனில்லை. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் அம்மா,
கின் லே,
ஊ பா தின் மகன் சோ மியினின் மனைவி.